இ-சிகரெட்டும் ஊரடங்கும்: பல்கலைக்கழக மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் உலகின் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. விடுதியைக் காலி செய்துவிட்டு வீடு திரும்பிய மாணவர்கள் பலரின் பையில் இ-சிகரெட்டும் இருந்தது. ஊரடங்கு அந்தப் பழக்கத்தைச் சிலரிடம் அடியோடு நிறுத்தியது. வேறு சிலரிடம் முன்பைவிட இறுக்கமாக்கியது. ஒரே ஊரடங்கு ஏன் ஆளுக்கு ஆள் இப்படி வேறுவிதமாக வேலை செய்தது? கீழே உள்ள பல கேள்விகள் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கின்றன.

இ-சிகரெட்டில் வருவது வெறும் நீராவிதானே?

இல்லை. கருவியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை கொஞ்சம்தான்: ஒரு லித்தியம் பேட்டரி, மெல்லிய கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய பஞ்சுத் திரி, திரியை நனைத்தபடி இருக்கும் திரவம். வாயில் வைத்து இழுத்ததும் பேட்டரி சுருளைச் சூடாக்கும். திரியில் ஊறிய திரவம் ஆவியாகி, உடனே குளிர்ந்து மிக நுண்ணிய துளிகளாக மாறும். நாம் புகை என்று பார்ப்பது இந்தத் துளிகளைத்தான். திரவத்தில் புரோப்பிலின் கிளைக்கால், கிளிசரின், சுவையூட்டிகள் இருக்கும். பெரும்பாலும் நிகோடினும் இருக்கும். திரி காய்ந்த நிலையில் சுருள் சூடேறினால் ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகளும் உண்டாகும். சுருளிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் ஆகியவை சிறிய அளவில் துளிகளோடு நுரையீரலுக்குள் போவதையும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

இன்று புழங்கும் வடிவத்தை 2003 வாக்கில் உருவாக்கியவர் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளுநர். அவரே சிகரெட் பிடிப்பவர். அதிலிருந்து வெளியே வர ஒரு வழியாகத்தான் இதைச் செய்தார். சிகரெட்டையே தொட்டிராத இருபது வயதுக்காரர்களின் கையில் அது போய்ச் சேர்ந்தது பிற்பாடு நடந்தது.

மாணவர்களிடம் எப்படி இவ்வளவு வேகமாகப் பரவியது?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் 'மானிட்டரிங் தி ஃபியூச்சர்' கணக்கெடுப்பில், முந்தைய 30 நாட்களில் நிகோடின் வேப் (இ-சிகரெட்டின் இன்னொரு பெயர்) இழுத்ததாகச் சொன்ன கல்லூரி மாணவர்கள் 2017-ல் சுமார் 6 சதவீதம். 2019-ல் அது 22 சதவீதம். இரண்டே ஆண்டில் இவ்வளவு ஏற்றம் எந்தப் போதைப் பழக்கத்திலும் அரிது.

பழச்சுவை, வாசனையே காட்டிக்கொடுக்காத வசதி, பென்டிரைவ் போன்ற தோற்றம் என்று பல காரணங்களைச் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் என் கணிப்பில் முக்கியமான காரணம் வேதியியலில் இருக்கிறது. பழைய வகைத் திரவத்தில் நிகோடினைக் கூட்டினால் தொண்டை எரியும். அந்த எரிச்சலே ஒரு அளவுக்கு மேல் இழுக்கவிடாது. பென்சாயிக் அமிலம் சேர்த்து நிகோடினை உப்பு வடிவத்துக்கு மாற்றியபோது அந்தத் தடை போய்விட்டது. 2015-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஜூல் கருவியின் திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் நிகோடின் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்ச அளவு 20 மில்லிகிராம். இவ்வளவு நிகோடின் தொண்டையில் உறுத்தாமல் இறங்கும்போது, புதிதாகத் தொடங்கும் ஒருவருக்குத் தான் எவ்வளவு எடுத்துக்கொள்கிறோம் என்பதே தெரியாது.

பெருந்தொற்று தொடங்கிய நேரத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 2020 தொடக்கத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், கழற்றி மாட்டும் பாட்களில் (திரவம் நிரப்பிய சிறு குப்பிகளில்) பழச்சுவை, இனிப்புச் சுவைகளைக் கட்டுப்படுத்தியது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளை அந்தக் கட்டுப்பாடு தொடவில்லை. விளைவு உடனே தெரிந்தது: வேப் இழுக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் எறியும் வகையைப் பயன்படுத்தியவர்கள் 2019-ல் 2.4 சதவீதம், 2020-ல் 26.5 சதவீதம். இவர்களில் பலர்தான் அடுத்த சில ஆண்டுகளில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தவர்கள்.

சரி, ஊரடங்கில் பழக்கம் கூடியதா, குறைந்ததா?

இரண்டும் நடந்தது. குறைத்தவர்களும் விட்டவர்களும்தான் அதிகம்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 மே மாதம் அமெரிக்காவில் 13 முதல் 24 வயது வரையுள்ளவர்களிடம் இணையவழியில் விசாரித்தார்கள். ஏற்கெனவே இ-சிகரெட் பயன்படுத்திய இரண்டாயிரத்துக்கும் சற்று அதிகமானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், தொற்று தொடங்கிய பிறகு தங்கள் பழக்கம் மாறியதாகச் சொன்னார்கள். அப்படி மாறியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் விட்டுவிட்டார், இன்னும் மூன்றில் ஒருவர் குறைத்துக்கொண்டார். நிகோடினைக் கூட்டியவர்கள் சுமார் 18 சதவீதம். கடைகள் மூடியிருந்தது, நுரையீரலைப் பற்றிய பயம், பெற்றோருடன் ஒரே கூரையின் கீழ் இருந்தது ஆகியவை விட்டவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானவை. கடையில் வாங்குவது குறைந்து, இணையத்தில் வாங்குவது கூடியது.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. நிகோடினுக்கு ஆழமாக அடிமையானவர்கள் விடுவதற்கான வாய்ப்பு குறைவாக இருந்தது. எப்போதாவது நண்பர்கள் கூடும்போது இரண்டு இழுப்பு இழுத்தவருக்கு நண்பர்களும் இல்லை, இழுப்பும் இல்லை. மாதக்கணக்கில் அந்த நினைப்பே வராமல் போனது. காலையில் கண் விழித்ததும் தலையணைக்கு அடியில் கையை விட்டுத் தேடியவருக்கு ஊரடங்கு எந்த உதவியும் செய்யவில்லை. "வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடுவேன்" என்று நம்பியிருந்த பலருக்கு, தங்கள் பழக்கம் எந்த வகை என்பது அப்போதுதான் புரிந்தது.

வீட்டில் அடைபட்டிருந்தபோது எனக்கு அது கூடியது ஏன்?

முன்பு ஒரு மாணவருடைய நாளில் நிறையத் தடைகள் இருந்தன. வகுப்பறையில் ஒன்றரை மணி நேரம், நூலகத்தில் இரண்டு மணி நேரம், பேருந்தில் அரை மணி நேரம் என்று, இழுக்க முடியாத நேரங்கள் நாள் முழுக்கச் சிதறிக் கிடந்தன. யாரும் திட்டமிட்டு வைக்காத கட்டுப்பாடு அது.

இணையவழி வகுப்பு வந்ததும் அந்தத் தடைகள் எல்லாம் ஒரே நாளில் போயின. கேமரா அணைந்திருக்கும், மைக் அணைந்திருக்கும். கருவி மடிக்கணினியின் யுஎஸ்பி துளையிலேயே சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். பேராசிரியர் ஒரு ஸ்லைடை முடித்து அடுத்ததற்குப் போகும் இடைவெளியில் கை தானாக அதை எடுக்கும். ஆவி கதவிடுக்கு வழியாகப் போகாமல் இருக்கச் சட்டைக் கைக்குள் ஊதிவிட்டு மறுபடி செருகிவிடும். அன்று மாலை எத்தனை தடவை இழுத்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மறைப்பதற்காகச் சொல்லாமல் இருப்பது இல்லை இது. மனம் எண்ணவே இல்லை.

சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. பற்றவைத்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், அணைக்க வேண்டும், அடுத்ததற்கு மறுபடி ஒரு முடிவு எடுக்க வேண்டும். வேப்புக்கு அந்த முடிவுப்புள்ளி கிடையாது. பாட் தீரும் வரை, சார்ஜ் இருக்கும் வரை அது ஒரே நீண்ட இழுப்புதான். அதோடு தனிமை, தேர்வு நடக்குமா நடக்காதா என்ற குழப்பம், இரவு பகல் மாறிப்போன தூக்கம் எல்லாம் சேர்ந்தால் கூடாமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

மன அழுத்தத்துக்கு அது உதவியதே. அதை எப்படி மறுக்க முடியும்?

இழுத்ததும் வரும் நிம்மதி உண்மையானது. அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

நிகோடின் சில நொடிகளில் மூளையை எட்டி, இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைக்கும். இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். குறையக் குறைய எரிச்சல், படபடப்பு, கவனச்சிதறல், இனம்புரியாத சோர்வு வரும். இவை நிகோடின் குறைவின் அறிகுறிகள். ஆனால் உள்ளிருந்து பார்க்கும்போது அசல் மன அழுத்தம் மாதிரியே இருக்கும். அடுத்த இழுப்பு அந்தக் குறையை நிரப்பும். "பார், டென்ஷன் போய்விட்டது" என்று மூளை பதிவுசெய்துகொள்ளும். ஊரடங்கில் கவலைப்பட நிஜமான காரணங்களே ஏராளமாக இருந்ததால், எது தொற்றால் வந்த கவலை, எது நிகோடின் கிளப்பிய கவலை என்று பிரித்துப் பார்ப்பது மிகவும் கடினமாகிவிட்டது.

மூளையின் வளர்ச்சி இருபதுகளின் நடுப்பகுதி வரை தொடர்கிறது. கவனம், உந்துதலைக் கட்டுப்படுத்துவது ஆகியவற்றுக்கான பகுதிகள்தான் கடைசியில் முதிர்பவை. நிகோடினுக்கு அடிமையாவது இந்த வயதில் எளிது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேப் இழுப்பவர்களுக்குக் கொரோனா எளிதில் தொற்றுமா?

முதலில் வந்த தலைப்புச் செய்திகள் ஆம் என்றன. மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்ட் குழு 4,351 இளையோரிடம் நடத்திய ஆய்வை 2020 ஆகஸ்டில் வெளியிட்டது. இ-சிகரெட் மட்டும் பயன்படுத்தியவர்களுக்குக் கோவிட் உறுதியாகும் வாய்ப்பு ஐந்து மடங்கு, சிகரெட்டும் சேர்த்துப் பயன்படுத்தியவர்களுக்கு ஏழு மடங்கு என்றது அந்த ஆய்வு. உலகம் முழுக்க அந்த எண்கள் பரவின.

அது பதில்தாரர்கள் தாங்களே சொன்ன தகவலை வைத்து ஒரே நேரத்தில் எடுத்த கணக்கு. தொற்று உறுதியானவர்களின் எண்ணிக்கையும் சிறியது. வேப் இழுத்ததால் தொற்றியதா, அடிக்கடி வெளியே போய்ப் பலரோடு பழகுபவர்களே வேப்பும் இழுத்தார்களா என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது. பிறகு அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை 69,264 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தபோது, இ-சிகரெட்டுக்கும் கோவிட் தொற்று உறுதியாவதற்கும் தொடர்பு தெரியவில்லை. ஆகவே "ஐந்து மடங்கு" என்பதை இன்றும் எடுத்துச் சொல்பவர்கள் அதைக் கைவிடுவது நல்லது. பயமுறுத்துவதற்காக ஒரு பலவீனமான எண்ணைப் பிடித்துக்கொண்டால், மாணவர் அது தவறென்று கண்டுபிடிக்கும் நாளில் மற்ற எல்லா அறிவுரையும் சேர்ந்தே போய்விடும்.

தொற்றினால் கடுமையாகுமா?

கோவிட் வந்தவர்களில் வேப் இழுப்பவர்களை, அதே வயதும் பாலினமும் கொண்ட இழுக்காதவர்களோடு மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் ஒப்பிட்டிருக்கிறார்கள். நெஞ்சுவலி, தலைவலி, உடல்வலி, வாந்தி, சுவை அல்லது மணம் தெரியாமல் போவது ஆகியவை இழுப்பவர்களிடம் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அறிகுறிகள் கூடுதல் என்பது வேறு, உயிராபத்து கூடுதல் என்பது வேறு. இந்த ஆய்வு சொல்வது முதலாவதைத்தான். சாதாரண சிகரெட் விஷயத்தில் குழப்பம் குறைவு: புகைப்பவர்களுக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே அறிவித்தது. சிகரெட்டும் வேப்பும் மாற்றி மாற்றிப் பிடிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிகோடின் கொரோனாவைத் தடுக்கும் என்று அப்போது படித்தேனே?

2020 ஏப்ரலில் பிரான்ஸ் ஆய்வாளர்கள் சிலர் அப்படி ஒரு ஊகத்தை முன்வைத்தார்கள். மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் புகைப்பவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததுதான் அடிப்படை. செய்தி பரவியதும் மக்கள் நிகோடின் ஒட்டுப்பட்டைகளை வாங்கிக் குவிக்கலாம் என்று அஞ்சி, அதே மாதம் அந்த நாட்டு அரசு அவற்றின் விற்பனைக்கு வரம்பு போட்டது. வைரஸிடமிருந்து காத்துக்கொள்ள நிகோடின் எடுப்பதற்கு எந்த ஆதாரமும் நிலைக்கவில்லை.

ஒரே கருவியை நண்பர்கள் மாற்றி மாற்றி இழுத்தால்?

எச்சில் வழியாக எது பரவுமோ அதெல்லாம் பரவும்: கோவிட், ஃப்ளூ, சுரப்பிக் காய்ச்சல் என்று. துடைத்துவிட்டுக் கொடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இழுக்க முகக்கவசத்தைக் கழற்ற வேண்டும், கையை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், சின்ன அறையில் நெருங்கி நிற்க வேண்டும். ஆபத்தின் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது.

இருமல் வந்தால் அது கொரோனாவா, வேப்பால் வந்ததா என்று எப்படித் தெரியும்?

நீங்களாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பரிசோதனைதான் வழி.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தொற்றுக்குச் சற்று முன், 2019 கோடையில், அமெரிக்காவில் ஆரோக்கியமான இளைஞர்கள் திடீரென்று மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். 'எவாலி' என்று பெயரிடப்பட்ட அந்த நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரி நடுப்பகுதி வரை 2,807 பேர் பதிவானார்கள். 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி கலந்த திரவத்தை இழுத்திருந்தார்கள். அதைக் கெட்டியாகக் காட்டக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அடுத்த மாதமே கோவிட் வந்து நின்றது. இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல், வயிற்றுப்போக்கு, சிடி ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் வெண்திட்டுகள் என்று இரண்டுக்கும் ஒரே முகம்.

அதனால் டாக்டரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும் வேப் இழுப்பதைச் சொல்லிவிடுங்கள். எந்தத் திரவம், யாரிடமிருந்து வந்தது, கஞ்சா கலந்ததா என்பதும் சேர்த்து. அம்மாவோ அப்பாவோ கூட நின்றால், தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம், தவறே இல்லை. அந்த ஒரு தகவல் சிகிச்சையையே மாற்றக்கூடும்.

சிகரெட்டுக்கு இது பரவாயில்லைதானே?

ஏற்கெனவே சிகரெட் பிடிப்பவர் முழுமையாக மாறினால் அவர் உள்ளிழுக்கும் நச்சுகள் வெகுவாகக் குறையும். 2019-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், இ-சிகரெட் கொடுக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். நிகோடின் பட்டை, சூயிங்கம் போன்றவை பயன்படுத்தியவர்களில் 9.9 சதவீதம். ஆனால் வெற்றி பெற்ற அந்த முதல் குழுவில் 80 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் இ-சிகரெட்டை விடவில்லை. சிகரெட்டே பிடித்திராத மாணவருக்கு இந்த ஒப்பீட்டில் எந்த இடமும் இல்லை. அவர் ஒப்பிட வேண்டியது சுத்தமான காற்றோடு.

விடுவதற்கு எது உண்மையில் வேலை செய்கிறது?

ஆதாரம் உள்ள இரண்டைச் சொல்கிறேன். 18 முதல் 24 வயதுள்ள 2,588 வேப் பயனாளர்களிடம் 'திஸ் இஸ் குயிட்டிங்' என்ற குறுஞ்செய்தித் திட்டத்தைச் சோதித்தார்கள். ஏழு மாதங்களுக்குப் பிறகு, அந்தச் செய்திகளைப் பெற்றவர்களில் 24.1 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள், பெறாதவர்களில் 18.6 சதவீதம். வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் தொடர்ந்து கவனித்த காலத்தின் பெரும்பகுதி 2020-ல் விழுந்தது. யாரையும் நேரில் பார்க்க முடியாத நேரத்தில், கைப்பேசிக்கு வரும் சில வரிகள் இவ்வளவு செய்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

இரண்டாவது, வாரெனிக்லின் என்ற மாத்திரை. 16 முதல் 25 வயது வரையுள்ள 261 பேரிடம் நடந்து 2025-ல் வெளியான ஆய்வில், மாத்திரையும் ஆலோசனையும் பெற்றவர்களில் 51 சதவீதம் பேர் மூன்று மாத முடிவில் வேப் இல்லாமல் இருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 14 சதவீதம்தான். குமட்டல், விசித்திரமான கனவுகள் வரலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

அன்றாடத்தில் செய்யக்கூடியவையும் உண்டு. காலையில் எழுந்து முதல் இழுப்புக்கு எவ்வளவு நேரம் தாங்குகிறீர்கள் என்று பாருங்கள். ஐந்து நிமிடம்கூடத் தாங்காவிட்டால் தனியாகப் போராட வேண்டாம், உதவியோடு தொடங்குங்கள். கருவியைப் படிக்கும் அறையிலிருந்து வெளியேற்றுங்கள். அதை எடுக்க எழுந்து நடக்க வேண்டும் என்றால், ஊரடங்கு அழித்த இடைவெளிகளில் சில திரும்ப வரும். விட்ட முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் மிக மோசம். மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கும். தேர்வு வாரத்தில் தொடங்காதீர்கள். இடையில் ஒரு நாள் இழுத்துவிட்டால் அன்றோடு எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம்; அடுத்த நாள் தொடருங்கள். பலர் ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சியில்தான் விடுகிறார்கள்.

பெற்றோர்: பிள்ளையின் மேஜையில் கருவியைப் பார்த்துவிட்டோம். என்ன செய்வது?

பிடுங்கி எறிய வேண்டாம். அடிமையானவரிடமிருந்து பிடுங்கினால் அவர் இன்னொன்றை, அநேகமாக இன்னும் நம்பகமற்ற இடத்திலிருந்து, வாங்குவார். "எப்போதிலிருந்து? இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, பதில் முழுதாக வரும் வரை பொறுத்திருங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஒரு விஷயத்தில் மட்டும் உடனே கண்டிப்பாக இருங்கள்: நிரப்பும் திரவம் எட்டாத உயரத்தில், பூட்டி இருக்க வேண்டும். பழவாசனை வீசும் அந்தத் திரவத்தைச் சிறிதளவு விழுங்கினாலும் குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

வேறு நாட்டுக்குப் படிக்கப் போகிறேன். கொண்டுபோகலாமா?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 18 வயது நிரம்பியவர்களுக்கு விற்கலாம். இந்தியா 2019-ல் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்தது. சிங்கப்பூரில் 2018 முதல் வைத்திருப்பதே குற்றம். போகும் நாட்டின் விதியைப் பார்க்காமல் பெட்டியில் போடாதீர்கள்.

விட்டுவிட்டேன். மிச்சமிருக்கும் கருவியை என்ன செய்வது?

வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள். எறியும் வகையிலும் உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். மீதித் திரவத்தைத் தொட்டியிலோ கழிப்பறையிலோ ஊற்ற வேண்டாம். நிகோடின் நச்சுப்பொருள், அபாயகரமான கழிவை ஏற்கும் இடத்துக்குத்தான் அது போக வேண்டும். திரவம் கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தோல் வழியாகவும் அது உள்ளே போகும். "எனக்கு வேண்டாம், நீ வைத்துக்கொள்" என்று நண்பரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.